கரப்பொத்தானில் தொடங்கிய பெயர்: பெட்ச் எதைச் சரியாகச் சொன்னார்?

வாசகர் கேள்வி, 2024 யூன் 8

எறும்பின் உடம்புக்குள் புகுந்து, அதை இலை நரம்பைக் கடிக்க வைத்துச் சாகடிக்கும் பங்கசு இருக்கிறதே, அதன் பெயர் ஒஃபியோகோர்டிசெப்ஸ் யூனிலாட்டரலிஸ். பெயருக்குக் கடைசியில் "பெட்ச்" என்று ஒருவர் நிற்கிறார். பேராதனையில் வேலை பார்த்தவராம். அப்படியானால் அந்தப் பங்கசைக் கண்டுபிடித்தது நம் நாட்டில்தானே? இதைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் ஏன் ஒரு வரிகூட இல்லை?

யூன் 8, இரவு

இல்லை. முதலில் விவரித்தவர்கள் பிரான்சின் துலான் சகோதரர்கள், 1865 இல். அவர்கள் அதை டொரூபியா என்ற பேரினத்தில் (நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் கூட்டம்) வைத்தார்கள். பெட்ச் 1931 இல் அதைத் தூக்கித் தான் புதிதாக உண்டாக்கிய ஒஃபியோகோர்டிசெப்ஸ் பேரினத்தில் போட்டார். அதனால்தான் துலான் பெயர் அடைப்புக்குறிக்குள்ளும் பெட்ச் பெயர் அதற்கு வெளியேயும் நிற்கிறது. காணி உறுதியில் பழைய சொந்தக்காரர் பெயரும் இப்போதைய சொந்தக்காரர் பெயரும் வருவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஆள் பேராதனைக்காரர்தான், அதில் பிழையில்லை. தோமஸ் பெட்ச், யோர்க்சயர் ஹோர்ன்சியில் 1870 இல் பிறந்தவர். 1905 இல் அரச பங்கசியலாளராகப் பேராதனைப் பூங்காவுக்கு வந்தார். பிறகு தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பணிப்பாளர். 1928 இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து நோர்போக்குக்குத் திரும்பிவிட்டார். ஒஃபியோகோர்டிசெப்ஸை எழுதியது அங்கிருந்து.

அவர் அந்தப் பேரினத்தைப் பிரித்தபோது மற்றவர்கள் ஏற்கவில்லை. 1941 இல் ஜப்பானின் கொபயாசி அதைக் கோர்டிசெப்ஸ் என்ற பழைய, பெரிய பேரினத்துக்குள் ஓர் உட்பிரிவாக அடக்கிவிட்டார். 2007 இல் மரபணு ஆய்வு வந்து பெட்ச் சொன்னதே சரி என்றது. 76 வருடம்! பாடப்புத்தகத்தில் ஒரு வரி போடலாம்தான்.

யூன் 9

பங்கசா பூஞ்சையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் கொழும்பில் உயர்தரம் படித்தவன், உயிரியல் ரியூசன் கொடுத்துச் சாப்பிடுகிறவன். எனக்குப் பங்கசுதான். பாணில் வருவது பூஞ்சணம், மழைக்குப் பிறகு முளைப்பது காளான். தமிழ்நாட்டு நண்பர்கள் பூஞ்சை என்று வாசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. எங்கள் பழைய புத்தகங்களில் பேரினத்துக்குச் "சாதி" என்று போட்டிருக்கும். பெட்ச் புதுச் சாதி உண்டாக்கினார் என்று இங்கே எழுதினால் இந்த உரையாடல் இழை எங்கே போய் நிற்கும் என்று தெரியும். ஆகவே பேரினம்.

யூன் 11

"ஒஃபியோகோர்டிசெப்ஸ் ஒரு பைப் பங்கசு என்கிறார்களே, பைப் பங்கசு என்றால் என்ன, பை எங்கே இருக்கிறது?" நல்ல கேள்வி. வகுப்பில் நான் மோசமாகச் சொல்லிக்கொடுக்கும் இடமும் இதுதான்.

எங்கள் பிள்ளைகள் "அஸ்கசு, எட்டு வித்திகள்" என்று மனப்பாடம் செய்து எழுதிவிடுவார்கள் (அஸ்கசு என்றால் பை, வித்தி என்றால் பங்கசின் விதை மாதிரி). பையை ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. நானும் முப்பது வயதுவரை கண்டதில்லை. ஒரு வைராக்கியத்தில் புறக்கோட்டையில் பழைய நுணுக்குக்காட்டி ஒன்று வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் எதை வைத்தாலும் சிலந்திவலை மாதிரி ஒரு கோலம். எல்லாவற்றிலும் ஒரே கோலம்! ஒரு கிழமை கழித்துத்தான் விளங்கியது, பங்கசு வில்லையில் பிடித்திருக்கிறது. கொழும்பு ஈரம். விற்றவரிடம் திரும்பப் போனேன், "பங்கசு பார்க்கத்தானே வாங்கினீங்கள்" என்றார். கழற்றித் துடைத்து வைத்திருக்கிறேன், ஒரு ஓரத்தில் தழும்பு இன்னும் இருக்கிறது.

அதில்தான் முதல் பையைப் பார்த்தேன். விகாரமகாதேவி பூங்காப் பக்கம் ஒரு பட்ட மரத்தடியில் கரிந்த விரல் மாதிரிக் கறுப்பாய் நீட்டிக்கொண்டிருந்த ஸைலேரியா என்ற பங்கசு. சவர அலகால் மெல்லிதாய்ச் சீவி ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்தால், கறுத்த தோலுக்குக் கீழே சின்னச் சின்னக் குடங்கள். குடத்தை நசுக்கினால் நீளமான கண்ணாடிக் குழாய்கள் பிதுங்கி வருகின்றன. ஒவ்வொரு குழாயிலும் எட்டுக் கறுத்த வித்திகள், ஒன்றன் பின் ஒன்றாக, பயற்றங்காய்க்குள் பயறு மாதிரி. அந்தக் குழாய்தான் பை. அன்றைக்கு இரவு பத்து மணிக்கு அம்மாவை எழுப்பிக் காட்டினேன். பார்த்துவிட்டு "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

இப்போது பெட்சுக்கு வருவோம். பூச்சியில் வளரும் கோர்டிசெப்ஸ் வகைகளில் வித்தி பயறு மாதிரி இருக்காது, நூல் மாதிரி இருக்கும். ஒரு பைக்குள் எட்டு நூல்கள் நெருக்கமாய்க் கிடக்கும். வழக்கமான கோர்டிசெப்ஸில் இந்த நூல் வெளியே வந்ததும் துண்டு துண்டாய் உடையும். சிலவற்றில் உடையாது, முழுதாகவே நிற்கும். பையும் வேறு மாதிரி: கதாயுதம்போல மேல்பக்கம் தடித்து வரும். பெட்ச் பிடித்துக்கொண்டது இந்த வித்தியாசத்தைத்தான். உடையாதவற்றைத் தனியே பிரித்து ஒஃபியோகோர்டிசெப்ஸ் என்றார். ஒஃபியோ என்றால் கிரேக்கத்தில் பாம்பு.

யூன் 12

நேற்று எழுத மறந்தது, இந்த இழையிலேயே முக்கியமானது. ஒரு பேரினத்தை உண்டாக்கும்போது ஓர் இனத்தைக் காட்டி "இதுதான் மாதிரி" என்று சொல்ல வேண்டும். பெட்ச் காட்டியது எறும்புப் பங்கசை அல்ல. கரப்பான் பூச்சியில் வளர்ந்த ஒன்றை. இலங்கையில் கிடைத்தது. 1924 இல் கோர்டிசெப்ஸ் பிளாட்டே என்று அவரே விவரித்திருந்தார், 1931 இல் அதையே புதுப் பேரினத்தின் தலையில் உட்கார்த்தினார்.

ஆகவே கேள்வி கேட்டவருக்குப் பாதி வெற்றி. எறும்புப் பங்கசு நம்முடையதில்லை. ஆனால் அது எந்தப் பெயரின் கீழ் நிற்கிறதோ அந்தப் பெயர் கட்டப்பட்டிருப்பது ஓர் இலங்கைக் கரப்பொத்தானில். (அம்மா வழியில் கரப்பொத்தான், அப்பா வழியில் கரப்பான். இரண்டையும் எழுதுவேன், திருத்த வேண்டாம்.)

இதை எழுதிவிட்டுக் குசினிக்குப் போனால் அடுப்புக்குப் பின்னால் ஒன்று மல்லாந்து கிடக்கிறது, காலடியில் வெள்ளையாய் ஏதோ பஞ்சு. ஜாம் போத்தலில் ஈரப் பஞ்சு வைத்து உள்ளே போட்டிருக்கிறேன். சிரிக்க வேண்டாம்.

யூன் 15

யூன் 8 இல் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். "பெட்ச் சொன்னதே சரி" என்று எழுதியது பிழை. அழிக்கவில்லை, இருக்கட்டும்.

2007 ஆய்வை ஒழுங்காக வாசிக்காமல் எழுதினேன். தென்கொரியா, தாய்லாந்து, அமெரிக்கா என்று பல நாட்டு ஆட்கள் சேர்ந்து, பல மரபணுக்களை ஒப்பிட்டு, கோர்டிசெப்ஸ் என்று ஒரே கூடையில் கிடந்தவற்றை மூன்று குடும்பங்களாகப் பிரித்தார்கள். அதில் ஒரு குடும்பம் ஒஃபியோகோர்டிசிபிட்டேசியே. திபெத்துப் பக்கம் தங்க விலைக்கு விற்கும் கம்பளிப்புழுப் பங்கசும் எறும்புப் பங்கசும் அதற்குள் வந்தன.

ஆனால் பெட்ச் போட்ட கோடு என்ன? வித்தி உடையாது என்பது. இந்தப் புதிய ஒஃபியோகோர்டிசெப்ஸுக்குள் வித்தி உடைகிறவையும் தாராளமாக இருக்கின்றன. நாற்றப் பூச்சியில் வளரும் நூட்டன்ஸ் என்ற இனத்தின் வித்தி துண்டு துண்டாக உடையும், அதுவும் இப்போது ஒஃபியோகோர்டிசெப்ஸ்தான். பெட்சிடம் காட்டியிருந்தால் வெளியே தள்ளியிருப்பார். மரபணு காட்டிய கூட்டத்தோடு ஓரளவு ஒத்துப்போவது வேறு குணம்: பூச்சியிலிருந்து எழும் தண்டு பல இனங்களில் கறுத்து, வளைந்தாலும் முறியாத உறுதியோடு இருக்கும்.

அப்படியானால் ஏன் அவர் வைத்த பெயர்? பெயர் வைக்கும் விதி அப்படி. புதுக் கூட்டம் ஒன்று பிரிந்தால், அதற்குள் வரும் மாதிரி இனங்களில் ஏற்கெனவே பேரினப் பெயர் கட்டப்பட்டது எது என்று பார்ப்பார்கள். இருந்தால் அதை எடுக்க வேண்டும், புதிதாய் வைக்க முடியாது. கரப்பொத்தான் பங்கசு இந்தப் பக்கம் இருந்ததால் பெட்ச் பெயர் வந்தது. கோடு வேறு இடத்தில் போட்டாயிற்று, பெயர்ப்பலகை மட்டும் பழையது.

ஒரே கூடையில் இருப்பவை எல்லாம் ஒன்றில்லை என்ற சந்தேகம் சரி. எங்கே வெட்ட வேண்டும் என்பது பாதிதான் சரி. என் முதல் குறிப்பைப் பார்த்து யாராவது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் மன்னிக்கவும்.

யூன் 15, மாலை

போத்தல்: மாற்றமில்லை. அம்மாவின் முகம்: மாற்றம் உண்டு.

யூன் 19

"வெள்ளைக்காரர் இங்கே வந்து பூச்சியில் பங்கசு பொறுக்கினார், நமக்கு என்ன பிரயோசனம்?" என்று கேட்டவருக்கு.

அவர் சம்பளம் வாங்கியது பூச்சிக்கு இல்லை. தேயிலைக்கும் றப்பருக்கும். றப்பரைப் பற்றி 1911 இலும் 1921 இலும், தேயிலைச் செடியின் நோய்களைப் பற்றி 1923 இலும் புத்தகம் எழுதியிருக்கிறார். பூச்சிப் பங்கசு அவருடைய சொந்த ஆசை என்றுதான் எனக்குப் படுகிறது.

அந்தத் தோட்ட வேலையிலும் பைப் பங்கசு இருந்தது. என் தாத்தா ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. நிழலுக்கு நட்ட கிரவீலியா மரத்தை வெட்டிவிட்டு அடிக்கட்டையை அப்படியே விட்டால் மூன்று நாலு வருடத்தில் சுற்றியுள்ள தேயிலை வட்டமாய்ச் செத்துக்கொண்டு போகும் என்று சொல்வார். செத்த செடியைப் பிடுங்கினால் வேரில் கரி பூசினதுபோலப் பொருக்கு. பட்டையை உரித்தால் உள்ளே விசிறி விரித்ததுபோல வெள்ளை, கட்டையைப் பிளந்தால் மை தொட்டுக் கோடு கீறினதுபோலக் கறுப்புக் கோடுகள். தாத்தா இதைப் "பூதம் பிடிச்ச கட்டை" என்பார். ஒரு துரை வேலை குறையட்டும் என்று கட்டை கிளப்பும் ஆட்களை வேறு மலைக்கு அனுப்பிவிட்டாராம். பிறகு அந்த மலையில் பாதி வழுக்கை. பழி விழுந்தது கணக்கப்பிள்ளை தலையில்.

அந்தக் கரிப் பொருக்குக்குப் பெட்ச் காலத்துப் பெயர் உஸ்டுலினா, இப்போது கிரெட்ஸ்மாரியா. பொருக்குக்குள் ஊசிமுனைத் துளைகள், ஒவ்வொரு துளைக்கும் கீழே ஒரு குடம், குடத்துக்குள் பைகள், பைக்குள் எட்டு. நான் பூங்காவில் சீவிய ஸைலேரியாவின் நெருங்கிய உறவு. பெட்ச் தேயிலைப் புத்தகத்தில் கட்டையை வேரோடு கிளப்பச் சொல்லியிருக்கிறார். தாத்தா அந்தப் புத்தகத்தைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார், துரை கண்டிருக்க வேண்டும்.

கறையான் புற்று பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், 1906 இல் அதையும் எழுதினார். கறையான் வளர்க்கும் பங்கசுத் தோட்டத்தை எடுத்து, கறையானை அகற்றிவிட்டுக் கண்ணாடி மூடியின் கீழ் வைத்தால் ஸைலேரியா கிளம்பி வருகிறது. கறையான் இருக்கும்வரை அது தலையெடுப்பதில்லை. களை பிடுங்குகிற கறையான்! ருசியான புற்றுக் காளான் வேறு, அதற்குப் பை கிடையாது.

யூன் 23

ஒரு குற்ற ஒப்புதல். தெஹிவளையில் பெரியம்மா வீட்டுத் தேசி மரத்தில் இலைக்கு அடியில் செம்மஞ்சள் பொட்டுப் பொட்டாய் ஏதோ வந்திருந்தது. போன வருடம். நோய் என்று நினைத்து அரை நாள் உட்கார்ந்து சவர்க்காரத் தண்ணீர் தொட்டு ஒவ்வொரு இலையாய்த் துடைத்தேன். பெரியம்மாவுக்குப் பெரிய சந்தோசம், மதியம் இறால் குழம்பு.

பெட்சின் 1921 ஆய்வைப் பற்றி இப்போது வாசிக்கும்போது வயிற்றைக் கலக்குகிறது. ஹைபோகிரெல்லா, ஆஷர்சோனியா என்ற இரண்டு பெயர்களைப் பற்றியது. இரண்டும் செதில் பூச்சியிலும் வெண் ஈயிலும் வளர்ந்து அவற்றைக் கொல்பவை. செம்மஞ்சள், மஞ்சள் பொட்டுகளாய் இலைக்கு அடியில் உட்காரும். பொட்டுக்குக் கீழே இருந்தது செத்த பூச்சி. நான் துடைத்தது மரத்தின் காவல்காரனை. அடுத்த மாதம் வெண் ஈ வந்து இலையெல்லாம் கறுத்துப்போனது. பெரியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அப்போது பிரச்சினை என்னவென்றால் ஒரே பங்கசுக்கு இரண்டு பெயர். பை உண்டாக்கும்போது ஹைபோகிரெல்லா, பையில்லாமல் சும்மா வித்தி உதிர்க்கும்போது ஆஷர்சோனியா. காலையில் சட்டையோடு பார்த்தால் ஒரு பெயர், இரவில் சாரத்தோடு பார்த்தால் இன்னொன்று. எது எதனுடைய மறுமுகம் என்று பொருத்திப் பார்ப்பதில் பெட்ச் பொறுமையாய் இருந்தார். 2011 மெல்பேர்ண் தாவரவியல் மாநாட்டில்தான் ஒரு பங்கசுக்கு ஒரு பெயர் என்று முடிவெடுத்தார்கள்.

இப்படிப்பட்ட பங்கசைத் தெளித்துப் பூச்சியை ஒழிக்கலாம் என்று அந்தக் காலத்தில் பலர் துள்ளினார்கள். பெட்ச் துள்ளவில்லை. ஈரமும் காலநிலையும் சரியாக இருந்தால் அது தானாகவே பரவும், இல்லாவிட்டால் நீ தெளித்தும் பயனில்லை என்ற பக்கம்தான் நின்றார். இப்போது கடைகளில் பங்கசுப் பூச்சிகொல்லி வந்துவிட்டது, அவ்வளவு அவநம்பிக்கை தேவையில்லை. ஆனால் தெஹிவளையில் யாரும் எதையும் தெளிக்கவில்லை, தானாகத்தான் வந்தது. நான்தான் துடைத்தேன்.

யூன் 24

"அவருடைய பெயர்கள் எல்லாம் நின்றதா?" இல்லை. ஒன்றைச் சொல்கிறேன், எனக்கு வீட்டோடு தொடர்புடையது.

மாமாவுக்குச் சிறுநீரகம் மாற்றிப் பல வருடமாகிறது. காலையும் மாலையும் சைக்ளோஸ்போரின். குளிசைப் பட்டையைக் கிழித்ததும் ஒரு வாடை அடிக்கும், மாமி ஜன்னலைத் திறப்பார். மாற்றிய உறுப்பை உடம்பு எதிரியாய் நினைத்துத் தாக்காமல் இந்த மருந்து தடுக்கிறது. அது ஒரு பங்கசிலிருந்து வந்தது. சாண்டோஸ் மருந்து நிறுவனத்துக்காக 1969 இல் நோர்வேயின் ஹார்டங்கர்விடா மேட்டுநிலத்தில் அள்ளிய மண்ணில் இருந்தது, பெயர் டோலிபோகிளேடியம் இன்ஃபிளேட்டம். ஆய்வுகூடத்தில் அது பை உண்டாக்குவதே இல்லை. எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்றே தெரியாமல் மருந்து விற்றுக்கொண்டிருந்தார்கள்.

1994 இல் நியூயோர்க் மாநிலத்தில் ஒரு வண்டுப் புழுவில் முளைத்த கோர்டிசெப்ஸ் ஒன்று கிடைத்தது. வளர்த்துப் பார்த்தால் அதே டோலிபோகிளேடியம். 1996 இல் வெளியிட்டார்கள். அந்தக் கோர்டிசெப்சுக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது: சப்செசிலிஸ், 1937, வைத்தவர் பெட்ச்.

மாமாவின் குளிசைப் பங்கசின் பையோடு கூடிய முகத்துக்கு, அந்த மண்ணை அள்ளுவதற்கு முப்பது வருடத்துக்கு முன்பே, ஓய்வுபெற்ற பேராதனைக்காரர் பெயர் வைத்துவிட்டார், எதற்கு உதவும் என்று தெரியாமலே. மூத்த பெயர்தான் வெல்ல வேண்டும் என்பது விதி. ஆனால் மருந்துலகம் முழுதும் டோலிபோகிளேடியம் என்று பழகிவிட்டதால் 1971 இல் வந்த இளைய பெயரையே வைத்துக்கொண்டார்கள். கரப்பொத்தானில் விதி பெட்சைக் காப்பாற்றியது, இங்கே கைவிட்டது. மாமாவிடம் சொன்னேன். "பெட்ச் ஆர்?" என்றார். சரி.

யூன் 30

பெட்சுக்கு முன் இங்கே ஒருவரும் இருக்கவில்லையா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: இருந்தார்கள். 1849 முதல் பேராதனைப் பூங்காவைப் பார்த்துக்கொண்ட துவைட்ஸ் காய்ந்த பங்கசுகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பார்க்லி, புரூம் என்ற இரண்டு பங்கசியலாளர்கள் அங்கே மேசையில் வைத்து 1870 களில் இலங்கைப் பங்கசுகள் என்று பட்டியல் போட்டார்கள். காய்ந்து சுருங்கினதைப் பார்த்துப் பெயர் வைத்தால் என்னவாகும்? ஒரே பங்கசு இரண்டு மூன்று பெயரோடு வந்தது. பெட்ச் செய்த பெரிய வேலை இதைச் சலித்தெடுத்தது என்பேன். பூங்காவிலேயே இருந்தவர், மழை பெய்த மறுநாள் ஈரத்தோடு பார்க்க முடிந்தவர். புதுப் பெயர் வைத்தவரைத்தான் பேசுகிறோம், வேண்டாத பெயரை நீக்கினவருக்குப் பெயருக்குப் பின்னால் நிற்க இடமே கிடையாது.

அவருடைய முழுப் பட்டியலைப் பிஸ்பி என்பவர் முடித்து 1950 இல் வெளியிட்டார். பெட்ச் 1948 டிசம்பரில் போய்விட்டார்.

யூலை 6

போத்தலைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

25 நாள். கதாயுதமும் வரவில்லை, தண்டும் வரவில்லை. பச்சைத் தூள் பிடித்துக்கொண்டது. வில்லைத் தழும்பை ஒதுக்கிப் பார்த்தேன்: தண்டு, தலை, தலையில் சங்கிலி சங்கிலியாய் வித்தி. அஸ்பெர்ஜிலஸ். பாணில், சப்பாத்தில், போன மழையில் அப்பாவின் பழைய பெட்டியில் வந்த அதே ஆள். கரப்பொத்தானைக் கொன்றது அதுவல்ல, செத்த பிறகு வந்து உட்கார்ந்திருக்கிறது. கொன்றது அநேகமாக அம்மாவின் செருப்பு.

அஸ்பெர்ஜிலஸும் பைப் பங்கசுதான். பையை மட்டும் எனக்குக் காட்டவில்லை.

இன்று காலை போத்தலைக் காணவில்லை. கேட்டால் "எந்தப் போத்தல்?" என்கிறார். கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார், மாங்காய் ஊறுகாய்க்கு.